மிஸ்டர் மேஜிக்

சாக்ஸஃபோனை இன்றும் நான் வாய் தவறி 'சாக்சோஃபோன்' என்றுதான் சொல்வேன். பிரெஞ்சு வழியில் படித்ததன் மிச்சம். அந்த வாத்தியத்துக்குத் தன் பெயரையே வைத்த அடோல்ஃப் சாக்ஸ் பெல்ஜியத்துக்காரர்; 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கினார். ராணுவ பேண்டுகளில் முழங்கிய அந்த வாத்தியத்தை, விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்கிற இசைக்குக் கொண்டுவந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர்.

1943-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தவர். அப்பாவும் சாக்ஸஃபோன் வாசிப்பார். ராணுவத்தில் இருந்தபோது டிரம்மர் பில்லி கோபம் பழக்கமானார். அவர் மூலம் நியூயார்க் கலைஞர்களின் அறிமுகம். பிறகு பிலடெல்ஃபியாவில் குடியேறினார்.

திருப்பம் 1971-ல். குடு நிறுவனத்தின் கிரீட் டெய்லர் ஏற்பாடு செய்திருந்த ஒலிப்பதிவுக்கு, ஆல்டோ வாசிக்க வேண்டிய ஹாங்க் கிராஃபோர்டால் வர முடியவில்லை. எங்கள் ஆபீசில் ஒருவர் லீவு போட்டால் பக்கத்து சீட்டுக்காரர் 'பொறுப்பு' பார்ப்பார். கோப்பு மட்டும் நகராது. இங்கே நகர்ந்தது! பக்கவாத்தியக்காரராக இருந்த குரோவரை முன்னால் நிறுத்தினார்கள். 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' என்ற அவருடைய முதல் ஆல்பம் பிறந்தது அப்படித்தான்.

1975-ல் 'மிஸ்டர் மேஜிக்'. தலைப்புப் பாடல் சுமார் 9 நிமிடம். ஜாஸ் பட்டியலில் மட்டுமல்ல, பாப் ஆல்பம் பட்டியலிலும் முதல் பத்துக்குள் வந்தது. 1980-ல் 'வைன்லைட்'. அதில் பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' மறு வருடம் பில்போர்டில் இரண்டாம் இடம் பிடித்தது. கிராமி விருதும் கிடைத்தது.

'ஸ்மூத் ஜாஸ்' என்று சொல்லி மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. லிஃப்டில் போடுகிற இசையாம். பின்னால் வந்த சிலருக்கு அது பொருந்தலாம், இவருக்குப் பொருந்தாது. ஒரு வரியை வாசித்துவிட்டு நிறுத்துவார். பாஸும் டிரம்மும் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். அவசரமே கிடையாது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மட்டும் குரலில் லேசான கரகரப்பு வரும், அழுது முடித்தவர் பேசுவதுபோல. அது ப்ளூஸ் தந்த சொத்து. வழவழப்பாக வாசிக்கப் பலரால் முடியும். அந்தக் கரகரப்பு வராது.

1999 டிசம்பர் 17. 56 வயது முடிந்து ஐந்தே நாள். நியூயார்க்கில் சிபிஎஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக நான்கு பாடல்கள் வாசித்துப் பதிவை முடித்தார். ஓய்வறைக்கு வந்தவர் அங்கேயே சரிந்து விழுந்தார். மாரடைப்பு. ஆப்பெரா பாடல்களை சாக்ஸஃபோனில் வாசித்து அவர் பதிவு செய்து வைத்திருந்த 'ஆரியா' ஆல்பம் அடுத்த வருடம்தான் வெளிவந்தது.