ஊட்டியின் பெயரில் ஓர் எருமைப் பட்டி

ஊட்டி என்று சுருக்கினாலும் உதகை என்று சுருக்கினாலும் கத்தி விழுவது ஒரே இடத்தில்தான். முழுப்பெயர் உதகமண்டலம், வெள்ளைக்காரர் வாயில் ஊட்டகமண்ட். இரண்டு சுருக்கத்திலும் பின்பாதி போய்விடுகிறது. நீலகிரி மேட்டுநிலத்தின் பழைய தொழில் ஒட்டிக்கொண்டிருப்பதோ அந்தப் பின்பாதியில்.

முன்பாதிக்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. ஒற்றைக்கல் மந்து என்பது ஒத்தக்கல் மந்தாகி, அதுவே ஆங்கிலேயர் காதில் ஊட்டக ஆயிற்று என்பது ஒன்று. உதகம் என்றால் தண்ணீர், தண்ணீர் உள்ள ஊர் என்பது இன்னொன்று. தண்ணீர்க் கட்சிக்காரர்கள் உடனே ஏரியைக் காட்டுவார்கள். ஆனால் பெயர் ஏரிக்கு மூத்தது. 1821 மார்ச்சில் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு யாரோ எழுதிய கடிதத்திலேயே 'வோட்டோகிமண்ட்' என்று ஊர்ப்பெயர் வந்துவிட்டது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து ஏரி கட்டியது அதற்குப் பிறகு. ஓடையைத்தான் சொல்கிறோம் என்பார்களானால், நீலகிரியில் ஓடை இல்லாத பள்ளம் எது?

பின்பாதியில் வழக்கே இல்லை. அது மந்து. எருமை மேய்க்கும் தோடர் குடியிருப்புக்கு நீலகிரியில் இன்றும் அதுதான் பெயர். முத்தநாடு மந்து, பகல்கோடு மந்து என்று செய்தித்தாள்களும் எழுதுகின்றன. மந்து என்பதைக் 'கிராமம்' என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிப் பொருள் கைநழுவும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த நாலைந்து வீடுகள். குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் நுழைய வேண்டிய வாசல். சற்றுத் தள்ளி, பால் வேலைக்கென்றே தனியாக ஒரு கட்டடம். அதுவே கோயில், பால்காரரே பூசாரி, பெண்கள் அதற்குள் போவதில்லை. அதையடுத்து, கல் அடுக்கிய வட்டச் சுவருக்குள் எருமைத் தொழுவம். இவ்வளவும் சேர்ந்ததுதான் மந்து. கோடையில் புல் காய்ந்தால் எருமைகளை ஓட்டிக்கொண்டு மேற்கே ஈரம் உள்ள சரிவுக்குப் போய்விடுவார்கள். அங்கே வேறொரு மந்து இருக்கும். எருமை எங்கேயோ மந்து அங்கே.

இந்தச் சொல் நமக்கு அன்னியமானதல்ல. தமிழில் 'ன்று', 'ன்றி' என்று முடியும் சொற்களைக் கன்னடத்துப் பக்கத்து மொழிகள் 'ந்து', 'ந்தி' என்று ஒலிக்கும். நம் ஒன்று அங்கே ஒந்து. நம் பன்றி குடகில் பந்தி. அந்தக் கணக்கில் மந்து என்பது நம் மன்று. குடகர்கள் ஊர்ப் பொதுவெளியை இன்றும் மந்து என்கிறார்கள். அறுவடைத் திருநாளில் கோலாட்டம் ஆடுவது அங்கேதான். தோடர் தம் மொழியில் 'மொத்' என்பதுபோல் ஒலிப்பார்கள். அகரம் ஒகரமாவது அவர்கள் நாக்கின் வழக்கம். ஆள் என்ற சொல் அவர்களிடம் ஓள். தங்கள் இனத்தைக் குறிக்கவும் அதையே சொல்கிறார்கள்.

சங்கப் பாடல்களில் மாலையில் மாடுகள் வந்து அடையும் வெளி மன்று. ஊரார் கூடி வழக்குப் பேசும் வெளியும் மன்றுதான். எது முந்திய பொருள் என்று மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. இடம் ஒன்று, இரவில் மாட்டுக்கு, பகலில் மனிதருக்கு. பின்னாளில் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பெரிய இடத்துக்குப் போய் நீதிமன்றம், சட்டமன்றம் என்று உட்கார்ந்துகொண்டது. கூடப்பிறந்த மந்தை மட்டும் மாட்டோடே நின்று, கடைசியில் வசைச்சொல்லும் ஆகிவிட்டது. யாரையாவது மந்தை என்று ஏசுகிறவர் மன்றத்தின் உடன்பிறப்பைத்தான் ஏசுகிறார்.

மாட்டு வாடை முழுக்கப் போய்விடவுமில்லை. கோயிலுக்கு நந்தாவிளக்கு வைக்க ஆடு கொடுத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டுகளில், அந்த ஆடுகளைப் பொறுப்பேற்கும் இடையர் 'மன்றாடி' எனப்படுவார். காங்கேயம் மாட்டைப் பேணி வளர்த்துப் பேர்பெற்ற பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பட்டம் மன்றாடியார். கெஞ்சிக் கேட்பதற்கும் மன்றாடுதல் என்கிறோம். அது ஊர்ச்சபை மன்றில் போய் நின்றதால் வந்தது.

தோடருக்கு அண்டை வீட்டார் படகர். வடக்கே மைசூர்ச் சீமையிலிருந்து ஏறி வந்ததால் வடகர். வகரம் பகரமாகிப் படகர். அவர்கள் ஊர் 'ஹட்டி'. பழைய கன்னடத்துப் பகரம் பின்னால் ஹகரமானது. பள்ளி ஹள்ளி ஆனதுபோல் பட்டி ஹட்டி ஆயிற்று. பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். உசிலம்பட்டியும் கோவில்பட்டியும் அந்தச் சொல்லில்தான் முடிகின்றன. ஆக நீலகிரியில் எருமைக்காரர் ஊருக்கும் ஏர்க்காரர் ஊருக்கும் தொழுவத்தின் பெயரே.

மந்து எப்படி மண்டலம் ஆனது? ஆங்கில எழுத்தில் தகரமும் டகரமும் ஒன்று. மந்து 'மண்ட்' ஆகி, அந்த மண்டைத் திரும்பத் தமிழாக்கப் போனவர்களுக்கு மண்டலம் கண்ணியமாகப் பட்டிருக்கிறது. முன்னால் உதகம் இருக்கப் பின்னால் மண்டலம் வந்தால் பொருத்தம்தானே. இதற்கு நேரெதிராகவும் ஒன்று நடந்திருக்கிறது. மணிமேகலையில் அறிஞர் வாதிடும் இடம் பட்டிமண்டபம். நம் காலத்தில் அதைப் பட்டிமன்றம் ஆக்கிவிட்டோம். மேடையில் மண்டபத்தை மன்றமாக்கிய நாம் மலையில் மன்றை மண்டலமாக்கினோம்.

பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சல்லிவன் மலையேறியது 1819-இல். தோடரிடம் ஏக்கர் ஒரு ரூபாய் கணக்கில் நிலம் வாங்கியதாகச் சொல்வார்கள். அவர் கட்டிய கல் பங்களாவில்தான் பிற்பாடு அரசு கலைக்கல்லூரி வந்தது. அவரை மட்டும் குறை சொல்லிவிடவும் முடியாது; இந்த மலை தோடருடையது என்று பின்னர் அரசோடு வாதாடியவரும் அவரே. வாதம் எடுபடவில்லை. உருளைக்கிழங்கு வந்தது, தேயிலை வந்தது. புல்வெளிகளைத் தரிசு என்று கணக்கெழுதியவர்கள் அவற்றில் கற்பூர மரமும் சீகை மரமும் நட்டார்கள். சோலையும் புல்லும் மாறிமாறி நிற்பதுதான் அந்த மேட்டின் இயல்பு. சீகைக்கு அடியில் எருமைக்கு வாய் வைக்க ஒன்றும் முளைப்பதில்லை. மிஞ்சிய புல்மேடுகளில் பெயர்பெற்ற ஒன்றுக்கு வென்லாக் என்ற சென்னை ஆளுநரின் பெயர் போயிற்று. அதே புல்லைச் சினிமாவில் பார்த்த நாம் ஒன்பதாவது மைல் 'ஷூட்டிங் மட்டம்' என்கிறோம். எருமைக்கு அந்தப் பெயரிலும் பங்கில்லை.

தோடர் எருமை தனி இனம் என்று முறைப்படி பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கைதான் தேய்ந்துகொண்டே வருகிறது. மந்துகள் பலவற்றில் வளைவுக் கூரை வீடு போய் ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் வந்துவிட்டன; அதில் தவறு காண நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் எருமை முழுக்கப் போய்விட்டால் மந்து என்ற சொல்லுக்குப் பொருளே போய்விடும்.

ஊர்ப்பெயரை மாற்றச் சொல்லி மனுப் போட நான் சொல்லவில்லை. அரசுத் தாவரவியல் பூங்காவுக்கு மேலே இன்னும் ஒரு மந்து இருக்கிறது. ஆண்டுக்குப் பல லட்சம் பேர் நுழையும் அந்தப் பூங்காவின் வாசலில், ஊர்ப்பெயரில் மண்டலமாகக் கிடப்பது மந்துதான், மந்து என்றால் எருமைத் தொழுவத்தோடு கூடிய ஊர் என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும். தோட்டக்கலைத் துறைக்கு அது பெரிய செலவல்ல.