மூச்சிரைப்பு எப்போது வந்தது?

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் செப்டம்பர் மாதம் வில்லோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அதை உடல்வலிமைக்கான பெரும் சோதனை என்பார்கள். பொய்யில்லை. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அம்பு குறி தவறாமலிருக்க முப்பது நாற்பது மீட்டர் தூரத்துக்குள் நெருங்க வேண்டும். 300 கிலோ எடையுள்ள ஆண் மான் விழுந்துவிட்டால், எலும்பு நீக்கிய இறைச்சியே 100 கிலோவை ஒட்டி வரும். அதைப் பலமுறை ஏறி இறங்கி முதுகில் சுமக்க வேண்டும். ஆனால் இந்தச் சிரமத்தை ஆதிகால வேட்டையின் தொடர்ச்சி என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது. அந்த மலைகளின் பூர்வகுடிகள் விட்டுச்சென்ற தடயங்கள் அலைச்சலைக் குறைக்க அவர்கள் போட்ட திட்டங்களையே காட்டுகின்றன.

கொலராடோவில் மரங்கள் வளராத முகடுகளில் தொல்லியலாளர் ஜேம்ஸ் பெனடிக்ட் ஆராய்ந்த தாழ்வான கற்சுவர்கள் இதற்கு நல்ல சான்று. மிரண்ட விலங்குகள் சுவரோரமாகவே ஓடிவர, அருகே கல்லடுக்கிய பள்ளத்தில் வேட்டைக்காரர் பதுங்கியிருப்பார். மூச்சிரைத்தது விலங்குக்குத்தான். வயோமிங்கின் விண்ட் ரிவர் மலையில் 3,000 மீட்டருக்கு மேலே டஜன் கணக்கான குடிசைத் தளங்களும் அரவைக் கற்களும் கிடைத்திருக்கின்றன. கோடையில் குடும்பத்தோடு மேலேயே தங்கியவர்களுக்கு உயரம் பழகிப்போயிருக்கும். இறைச்சியை அடிவாரம்வரை சுமக்கும் வேலையும் இல்லை. அப்பகுதிப் பூர்வகுடிகளான மலை ஷோஷோனி மக்களின் வில்லும் இந்த வாழ்க்கைக்கேற்றதுதான். காட்டுச் செம்மறிக் கடாவின் கொம்பைச் சூடாக்கி நிமிர்த்தி, முதுகுப்புறம் தசைநாரை ஒட்டிச் செய்த குட்டை வில் அது.

சுவர் நிலைக்கும், வியர்வை நிலைக்காது. தடயம் விடாமல் தனியாக ஏறிக் களைத்தவர்களும் இருந்திருப்பார்களே என்று கேட்கலாம். இருந்திருப்பார்கள். ஆனால் எல்க்குக்காக அப்படி ஏறியே தீரவேண்டிய நிலை அன்று எல்லா இடத்திலும் இல்லை. 1804-06இல் ஆய்வுப் பயணம் செய்த லூயிஸ்-கிளார்க் குழுவினர் மிசௌரி ஆற்றுச் சமவெளியில் எல்க் கூட்டங்களைக் கண்டார்கள்; பிட்டர்ரூட் மலையைக் கடக்கும்போதோ வேட்டை கிடைக்காமல் குதிரைக்குட்டியைக் கொன்று தின்றார்கள். பிறகு துப்பாக்கியும் இறைச்சி, தோல் வியாபாரமும் சமவெளி மந்தைகளைத் துடைத்தெறிந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சியவை பெரும்பாலும் யெல்லோஸ்டோன் போன்ற மலைப்பகுதிகளில்தான்.

வில் மறுபடி வந்தது தேவைக்காக அல்ல. 1911இல் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷியிடம் வில்வித்தை பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், 1923இல் அதைப் பற்றி நூல் எழுதினார். 1934இல் விஸ்கான்சின் வில்வேட்டைக்கெனத் தனிப் பருவம் ஒதுக்கியது. கையில் துப்பாக்கி இருந்தும் வில்லை எடுத்தவர்கள் தேடியதே சிரமத்தைத்தான். அப்படியானால் கப்பி பொருத்திய நவீன வில் எதற்கு என்பது நியாயமான கேள்வி. 1969இல் காப்புரிமை பெற்ற அந்த வில், நாணை முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும்போது கைக்கு வரும் பாரத்தைக் குறைக்கிறது. மலைச்சரிவையும் 100 கிலோ இறைச்சியையும் அது தொடவில்லை.