கண்டம் கடந்த தந்திக் கம்பி

ஊரைவிட்டு வெகுதொலைவில் குடியேறி வாழ்வோர்க்குத் தந்தியின் அருமையும் தெரியும். அது தந்த அச்சமும் தெரியும். தந்திச் சேவகன் வாயிலில் வந்து நின்றால், உறையைப் பிரிக்குமுன்னரே வீட்டுப் பெண்டிர் கண்ணீர் உகுத்த காலம் ஒன்றிருந்தது. 2013 ஜூலையில் நம் நாட்டுத் தந்திச் சேவை விடைபெற்றது. அந்நினைவோடு அண்மையில் ஒரு பழைய அமெரிக்கப் படத்தைக் கண்டேன். 1941இல் வெளிவந்த ‘வெஸ்டர்ன் யூனியன்’ என்பது அதன் பெயர்.

இயக்கியவர் பிரிட்ஸ் லாங். வியன்னாவில் பிறந்து, ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படைத்துப் புகழெய்தி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அந்நாட்டை நீங்கியவர். அந்நிய மண்ணில் இருந்துகொண்டு அம்மண்ணின் பழங்கதையை அவர் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். ராண்டால்ப் ஸ்காட் ஏற்ற திருந்திய கள்வன் வேடம் நெஞ்சைவிட்டு அகலாது. கொள்ளைக் கூட்டம், தீ, துப்பாக்கிப் போர் யாவும் உண்டு. ஆனால் வரலாற்றில் இவற்றைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்!

மெய்யான கதை மரத்தைப் பற்றியது. 1860இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் இயற்றி, கண்டம் கடக்கும் தந்திக்கு ஆண்டொன்றுக்கு 40,000 டாலர் வரை பத்தாண்டுகள் உதவ முன்வந்தது. படத்தில் பாத்திரமாக வரும் எட்வர்ட் கிரைட்டன் உண்மையில் வாழ்ந்தவர். அவர் குளிர்காலப் பனியில் விலங்கின் முதுகேறி வழி பார்த்துவந்தார். கிழக்கிலிருந்து அவரும், மேற்கே கார்சன் நகரிலிருந்து ஜேம்ஸ் கேம்பிளும் கம்பியை நீட்டிக்கொண்டே வந்து, சால்ட் லேக் நகரில் இணைவது என்பது ஏற்பாடு. மேற்குப் பகுதிக்கு வேண்டிய கம்பி, தென் அமெரிக்காவின் கோடிமுனையைச் சுற்றிக் கப்பலில் வந்தது. கம்பத்திற்கோ மரமில்லை. புல்லும் மணலுமான அவ்வெளியில் மலைகளிலிருந்து மரத்தை வெட்டி, வண்டியேற்றி, பல கல் தொலைவு இழுத்துவர வேண்டும். கம்பம் தர ஒப்பிய மார்மன் சமயத்தார் சிலர், நட்டத்திற்கு அஞ்சி இடையில் கைவிட்டனராம். அவர்தம் தலைவர் பிரிகாம் யங், பொருள் முழுதும் அழியினும் சொன்ன சொல் நிற்கவேண்டும் எனக் கண்டிப்பாய் நின்றார் என்று கேம்பிள் பின்னர் எழுதிவைத்தார். எனக்கு இது எந்தத் துப்பாக்கிப் போரினும் சுவையாகப் படுகிறது.

1861 அக்டோபர் 24இல் கம்பிகள் இணைந்தன. வேனிலில் தொடங்கிய வேலை இலையுதிர்காலத்தில் முடிந்தது. கலிபோர்னியத் தலைமை நீதிபதி ஸ்டீபன் பீல்டு, உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த லிங்கனுக்குத் தம் மாநிலத்தின் பற்றுறுதியைத் தந்தியில் அறிவித்தார். பத்து நாளில் கடிதம் சேர்த்த குதிரை அஞ்சல், ‘போனி எக்ஸ்பிரஸ்’, இரண்டே நாளில் மூடப்படுவதாக அறிவித்தது. பாவம், அதன் வயது ஒன்றரை ஆண்டு!

படம் பெரும்பிழை செய்வது வேறோரிடத்தில். அங்கே செவ்விந்தியர், கள்வர் ஊற்றிய சாராயத்தில் மயங்கியோராகவும், மின்னதிர்ச்சி கண்டு நடுங்கும் பேதையராகவும் வருகின்றனர். அவர்தம் நிலத்தின் மீதே கம்பங்கள் நடப்பட்டன என்ற எண்ணம் கதையைத் தீண்டவேயில்லை. பின்னாளில் அவர்கள் கம்பியை அறுத்ததுண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1864 நவம்பரில் கொலராடோவில் சாண்ட் கிரீக் என்னுமிடத்தில், சமாதானத்தை நம்பித் தங்கியிருந்த செயேன், அரப்பஹோ மக்களைப் படைவீரர் படுகொலை செய்தனர். மாண்டோரில் பெரும்பாலோர் பெண்டிரும் சிறுவரும் முதியோரும் ஆவர். அடுத்த சில வாரங்களில் ஜூல்ஸ்பர்க் பகுதியில் பழங்குடியினர் கம்பங்களை வெட்டிச் சாய்த்தனர். மின்சாரம் இன்னதென அறியாத அச்சம் அன்று அது.

படத்தின் முடிவில் நாயகனின் கல்லறை காட்டப்படுகிறது. பின்னணியில் தந்திக் கம்பங்கள் நிற்கின்றன. கிரைட்டனும் கேம்பிளும் நட்ட கம்பங்களுக்கோ அத்தனை ஆயுள் வாய்க்கவில்லை. 1869இல் இருப்புப்பாதை கண்டத்தை இணைத்ததும், தந்தியும் பழைய தடத்தைவிட்டு ரயிலோடு சென்றுவிட்டது.