அயலார் சாட்சியம்: வடசென்னைக் கேரமும் அயர்லாந்தின் தாயக ஆட்டங்களும்

1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15ஆம் நாள் சென்னையில் சர்வதேச கேரம் சம்மேளனம் நிறுவப்பெற்றது. இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய இடங்களில் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே தெருவிளக்கின் கீழும் மன்றங்களின் ஒற்றையறையிலும் ஆடப்பட்டு வந்த ஓர் ஆட்டம், அன்று முதல் கடல் கடந்த தேசங்களும் ஒப்புக்கொண்டதோர் ஆட்டம் என்னும் அந்தஸ்தை எய்திற்று. பலகையும் காயும் அன்றைக்கு முந்திய நாள் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஆயினும், வீட்டுத் திண்ணையில் எல்லோரும் அறிந்திருந்த ஒரு வித்தைக்கு அயல்நாட்டாரின் கையொப்பம் ஏன் வேண்டியதாயிற்று, அக்கையொப்பம் பெற்ற பின் அவ்வித்தைக்கும் அதனைப் பயின்றோருக்கும் விளைந்த பயன் யாது என்னும் வினாக்கள் சரித்திர ஆராய்ச்சிக்கு உரியவை. இவற்றை ஆராயப் புகுவோர்க்கு அயர்லாந்து தேசத்தின் அனுபவத்தைப் போல் துணைசெய்யும் பிறிதோர் உதாரணம் அரிது.

1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் டிப்பரேரி மாவட்டத்துத் தர்லஸ் என்னும் சிற்றூரின் விடுதியொன்றில் மைக்கேல் கியூசக், மாரிஸ் டேவின் முதலிய சிலர் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினர். கிரிக்கெட்டும் ரக்பியும் ஆங்கில ஆட்சியின் மதிப்போடு கிராமங்கள் தோறும் பரவி, மட்டைகொண்டு பந்தடிக்கும் ஹர்லிங் என்னும் பழைய ஆட்டம் வழக்கொழியும் நிலையில் இருந்த காலம் அது. சங்கத்தார் முதலில் செய்த காரியம் யாதெனில், ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் ஒரு கழகம், ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு மைதானம் என்று அடித்தளத்தை அமைத்ததேயாகும். பேராயர் குரோக் அதற்குப் புரவலரானார். டப்ளின் நகரில் 1913ஆம் ஆண்டு சங்கம் விலைக்கு வாங்கிய மைதானம் அவர் பெயரைத் தாங்கிற்று. 1920ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அங்கே டப்ளினும் டிப்பரேரியும் ஆடிக்கொண்டிருக்கையில் ஆங்கில அரசின் படையினர் புகுந்து சுட்டதில் ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் உள்ளிட்ட பதினால்வர் மாண்டனர். அன்று தொட்டு அவ்வாட்டங்கள் வெறும் பொழுதுபோக்காக எண்ணப்படவில்லை. தேசாபிமானத்தின் அங்கமாகவே அவை பேணப்பட்டன.

அந்த அபிமானம் எத்துணைக் கடுமையாகக் காக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று போதும். அந்நிய ஆட்டங்களை ஆடுவோரையும் அவற்றைக் காணச் செல்வோரையும் விலக்கும் விதியொன்று சங்கத்தில் இருந்தது. 1938ஆம் ஆண்டு, ஐரிஷ் மொழியின் மறுமலர்ச்சிக்கே தம் வாழ்வை ஈந்தவரும் நாட்டின் குடியரசுத் தலைவருமான டக்ளஸ் ஹைட், சர்வதேசக் கால்பந்துப் போட்டியொன்றைப் பார்வையிட்டார் என்ற காரணத்துக்காகச் சங்கத்தின் புரவலர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். 1971ஆம் ஆண்டில்தான் அவ்விதி அகற்றப்பட்டது.

இத்தனை இறுக்கத்தின் ஊடேயும் வெளியாரின் மெச்சுதலுக்கு ஏங்கும் உள்ளம் ஒன்று அவர்களிடம் ஓயாது இயங்கிற்று என்பதுதான் இங்கு நாம் கருத்திற்கொள்ள வேண்டியது. சங்கம் தொடங்கிய நான்காம் ஆண்டிலேயே, 1888இல், ஆட்டக்காரர் குழாமொன்று அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அந்த யாத்திரை பெருநஷ்டத்தில் முடிந்தது. சென்றவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். புதிய அரசு அமைந்தபின் 1924ஆம் ஆண்டு பழம்பெரும் டெயில்டென் விழாவைப் புதுப்பித்து, உலகெங்குமுள்ள ஐரிஷ் வம்சத்தாரை டப்ளினுக்கு அழைத்தனர். 1947ஆம் ஆண்டு அகில அயர்லாந்துக் கேலிக் கால்பந்து இறுதிப் போட்டியையே நியூயார்க் நகரத்துக்குக் கொண்டுபோய் நடத்தினர். கேவன் அணி கெர்ரி அணியை வென்றது. எதிர்த்தாட வேற்றுநாட்டு அணி இல்லையே என்னும் குறை நெடுநாள் உறுத்தியதன் விளைவாக, ஆஸ்திரேலியரின் ஆட்டத்தையும் தங்கள் ஆட்டத்தையும் கலந்து ஒரு கலப்பு ஆட்டம் வகுத்து, 1984 முதல் அந்நாட்டாருடன் மோதினர். 2018ஆம் ஆண்டு ஹர்லிங் ஆட்டத்தை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவுசெய்தது. ஆயினும் இவற்றுள் எது தவறியிருந்தாலும் அயர்லாந்தின் பங்குக் கழகங்கள் தளர்ந்திரா. வெளியார் புகழ் அவர்களுக்கு மேல்மாடம். அஸ்திவாரம் தம் ஊரிலேயே இடப்பட்டிருந்தது.

இந்தியாவில் அவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாயிற்று என்பது என் துணிபு. நம் சடுகுடுவின் கதையே அதற்கு அத்தாட்சி. அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலியார் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் அவ்வாட்டத்தைப் பார்வையாளர்முன் ஆடிக் காட்டினர். 1950இல் அகில இந்திய சம்மேளனம் உருவாயிற்று. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி சென்னையில் நிகழ்ந்தது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டமாக இடம்பெற்று, 1990இல் பெய்ஜிங்கில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. இப்பயணத்தில் நாம் ஒன்றை இழந்தோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாடிச் செல்பவன் தன் பாட்டன் பெயரையும் ஊர்ப் பெருமையையும் மூச்சுக்குள் அடக்கிப் பாட்டாகவே பாடிக்கொண்டு எதிரணிக்குள் பாய்வான். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாட்டு இருந்தது. பொதுவிதி வந்தபோது அப்பாட்டுகள் யாவும் ஒழிந்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரிப்பது நியதியாயிற்று. நடுவர்கள் எந்த நாட்டினராயினும் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் இது தவிர்க்கவியலாததே. எனினும் அப்பாட்டுகளைத் தொகுத்து வைக்கவேனும் அக்காலத்தே யாரும் பெருமுயற்சி செய்யாதது எனக்கு ஆறாத வருத்தம். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் இந்திய ஆடவரும் மகளிரும் ஈரானியரிடம் தோற்றபோது, உலகம் ஏற்றுக்கொண்ட ஆட்டம் இனி நமக்கு மட்டும் உரியதாய் இராது என்பதும் விளங்கிற்று.

வடசென்னைக்கு வருவோம். 1856ஆம் ஆண்டு இராயபுரத்தில் தென்னாட்டின் முதல் ரயில் நிலையம் எழுந்தது தொட்டு, துறைமுகம், பெரம்பூரின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை, எண்ணூரின் மோட்டார் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், இப்போது வள்ளூரில் 1500 மெகாவாட் உற்பத்தித் திறனுடன் நிற்கும் அனல்மின் நிலையம் என்று கடலோரம் நெடுகத் தொழிற்கூடங்கள் நெருங்கின. மைதானமாக ஆகியிருக்கக்கூடிய நிலத்தைக் கிடங்குகளும் நிலக்கரிக் குவியல்களும் சாம்பல் குட்டைகளும் கைக்கொண்டன. அயர்லாந்தின் ஆடுகளம் நீளத்தில் 130 மீட்டருக்குக் குறையாது, அகலத்தில் 80 மீட்டருக்குக் குறையாது. கேரம் பலகையின் ஆடுபரப்போ ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் சதுரம். ஷிப்டு முடிந்து நள்ளிரவிலோ நண்பகலிலோ வீடு திரும்பும் தொழிலாளிக்கும், பத்தடி அகலச் சந்தில் வளரும் பிள்ளைகளுக்கும் கைக்கெட்டியது இந்தச் சதுரமே. இப்பகுதியில் குத்துச்சண்டையும் கேரமும் செழித்ததற்கு வீரப் பரம்பரைகளைக் காரணமாகக் காட்டுவோர் உளர். இடநெருக்கடியே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன்.

குத்துச்சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அது வெள்ளையரிடமிருந்து வந்தது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்னும் பரம்பரைகள் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டன. வந்த ஆட்டமாகையால் அதற்கு அயலாரின் அங்கீகாரம் பிறவியிலேயே இருந்தது. 1980ஆம் ஆண்டு முகமது அலியே சென்னை நேரு விளையாட்டரங்கில் தோன்றிக் காட்சிப் போட்டி ஆடினார். கேரத்துக்கு அத்தகைய விருந்தாளி எவரும் வந்ததில்லை. அது தானே புறப்பட்டுப் போக வேண்டியிருந்தது.

கேரம் எங்கே பிறந்தது என்பது குறித்து உறுதியான ஆவணம் இல்லை. இந்திய உபகண்டத்து ஆட்டமென்றே பலரும் கொள்வர். முதல் உலகப் போருக்குப்பின் அது பொதுஜனங்களிடையே பெருகப் பரவிற்று. 1956ஆம் ஆண்டு சென்னையில் அகில இந்திய கேரம் சம்மேளனம் தோன்றியபோது, தெருவுக்கு ஒரு விதியாக இருந்த நிலை மாறத் தொடங்கிற்று. இந்த ஒழுங்குபடுத்தும் பணியில் பங்காரு பாபு அவர்களின் பெயர் பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று; ஸ்டிரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படலாகாது; 25 புள்ளியோ எட்டுப் பலகையோ எது முந்துகிறதோ அதோடு ஆட்டம் முடியும்; சிவப்புக்கு மூன்று புள்ளி. காய்களின் நிறத்துக்கேற்பப் புள்ளி எண்ணிய தெருவாட்டம் போட்டிகளிலிருந்து மறைந்தாலும் வீடுகளில் உயிரோடிருக்கிறது. விதி ஒன்றானபின்தான் இராயபுரத்துப் பையனும் பம்பாய்க்காரனும் கொழும்பினனும் ஒரே பலகையின் எதிரெதிர்ப் பக்கத்தில் சச்சரவின்றி அமர முடிந்தது.

அவ்வாட்டத்தை அருகிருந்து கண்டோர் அதன் நுட்பத்தை அறிவர். பவுடர் தூவிய பலகையின்மேல் தாழத் தொங்கும் பல்பின் வெளிச்சம் விழுகிறது. ரெட் எனப்படும் சிவப்புக் காயைப் போட்டவன் உடனே தன் காய் ஒன்றை ஃபாலோவாகப் போட்டாக வேண்டும். தவறினால் ரெட் மீண்டும் நடுவட்டத்துக்குப் போய்விடும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரன் ரெட்டின் மேல் கண் வைப்பதற்கு முன்பே, அதன்பின் போட வேண்டிய காயை மூலையருகே ஒதுக்கி வைத்திருப்பான். சுண்டுவிரலும் மோதிர விரலும் பலகையில் ஊன்றியிருக்க, ஆள்காட்டி விரல் ஸ்டிரைக்கரைத் தள்ளாமல் சுண்டுகிறது, சிவப்பு இறங்குகிறது, திரும்பி வந்த ஸ்டிரைக்கர் எங்கே நிற்கிறது என்பதை அவன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சூழ்ந்து நிற்போர் மூச்சடக்கி நிற்கின்றனர். இந்தக் கலைக்கு மதிப்பிட வல்லவர்கள் அத்தெருவிலேயே நூறு பேர் இருந்தனர். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இத்தகைய கூட்டத்திடையே தேர்ந்தவரே.

அவர் 1991இல் தில்லியில் நடந்த முதல் உலகப் போட்டியிலும், மீண்டும் 1995இலும் தனிநபர் பட்டம் வென்றார். அதன்பின்னர், 1996ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரம் ஆட்டக்காரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. இந்த வரிசையை ஊன்றி நோக்க வேண்டும். தேசியப் பட்டங்களைப் பலமுறை வென்றபோது வாராத விருது, உலகப் பட்டம் வந்தபின் வந்தது. உலகப் பட்டம் வருவதற்கு உலகச் சம்மேளனம் ஒன்று இருக்க வேண்டியிருந்தது. எனவே 1988ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் பலன், வெளிநாட்டார்க்குக் கேரத்தை அறிமுகம் செய்ததைக் காட்டிலும், நம் அரசாங்கத்தார்க்கு அதனை அறிமுகம் செய்ததிலேயே பெரிதும் தங்கியிருந்தது. அயர்லாந்தார் நியூயார்க்கில் தேடியது பிரிந்துபோன சகோதரரின் பாசத்தை. நம்மவர் வெளிநாட்டில் தேடியது சொந்த ஊர்க் காரியாலயத்தில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழை. இரு முயற்சிகளையும் ஒன்றெனக் கொண்டு, அயலார் புகழுக்கு ஏங்கும் தாழ்வு மனப்பான்மை என்று பழிப்பவர்கள், இந்தப் பேதத்தைக் காணத் தவறுகின்றனர்.

வியாசர்பாடி இளவழகியின் சரிதம் இதனை மேலும் துலக்குகிறது. மீன்பாடி வண்டி இழுத்துப் பிழைத்த தந்தையின் மகளாகிய அவர், 2008ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசத்தின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். திரைப்பட விழாவுக்குப் பெயர்போன அந்நகரத்தில், வடசென்னையின் ஒரு சந்தில் கற்ற வித்தை முடிசூடியது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகளாகிய காசிமா, தனிநபர், இரட்டையர், குழு என்னும் மூன்று பிரிவிலும் தங்கம் வென்றார். பின்னர்த் தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கிற்று. அது மகிழத்தக்க செய்கை, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அத்தகைய பெண் கப்பலோ விமானமோ ஏறும் முன், பதினைந்து வயதில் மங்கலான பல்பின்கீழ் விரல் தேயப் பழகும்போது, அவளுக்கு வேண்டிய நல்ல பலகைக்கும் அறைக்கும் யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு வெற்றிக்குப் பின் வரும் தொகை விடையாகாது. ஒலிம்பிக்கிலோ ஆசிய விளையாட்டிலோ இடம்பெறாத ஆட்டமென்பதால், கேரம் பயில்வோரின் அருமை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக நிரூபிக்கப்பட வேண்டியிருக்கிறது.

அயர்லாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே பயன்படும். குரோக் மைதானத்தில் அந்நிய ஆட்டங்களுக்கு இடமில்லை என்ற விதியைச் சங்கத்தார் நெடிய வாதத்துக்குப்பின் 2005இல் தளர்த்தினர். 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இங்கிலாந்து ரக்பி அணி அங்கே வந்தது. பதினால்வர் குருதி சிந்திய அதே மண்ணில் ஆங்கில அரசியின் வாழ்த்துப் பாடல் இசைக்கப்பட்டபோது, அரங்கம் நிறைந்த ஐரிஷ் மக்கள் மரியாதையோடு நின்றனர். ஆட்டத்தில் 43க்கு 13 என்ற கணக்கில் அயர்லாந்து வென்றது. அன்று அவர்கள் எவருடைய ஒப்புதலையும் வேண்டி நிற்கவில்லை. விருந்தோம்பும் வீட்டுக்காரராய் நின்றனர். சொந்த மைதானம் இருந்தமையால் அது சாத்தியமாயிற்று.

தில்லி, கொழும்பு, கான், பர்மிங்காம் என்று கேரத்தின் உலகப் போட்டிகள் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளன. அவ்வாட்டத்தின் சர்வதேச ஸ்தாபனத்துக்குப் பிறப்பிடமான சென்னையில், அதிலும் காசிமேட்டுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே, நல்ல வெளிச்சமும் நூறு பலகை இடும் விஸ்தாரமும் உடைய ஒரு மண்டபம் நிரந்தரமாக எழ வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியிலிருந்து நான் பெறும் முடிபு. அதற்கு வேண்டிய நிலம் ஒரு காற்பந்து மைதானத்தில் ஒரு மூலை அளவே. துறைமுகத்தின் பழைய கிடங்கு ஒன்றைத் திருத்திக் கொடுத்தாலும் போதும். எண்ணூரிலிருந்தும் வள்ளூரிலிருந்தும் புறநகர் ரயிலில் பிள்ளைகள் மாலையில் வந்து பழகிச் செல்லலாம். அயல்நாட்டு ஆட்டக்காரர் வருவாராயின் அவர்களோடு அதே பலகையில் எதிரமர்ந்து ஆடலாம்.