மேட்லிக்குச் சாலை உண்டு

மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகருக்குப் போகும்போது நாம் மேட்லி சுரங்கப்பாதையைக் கடக்கிறோம். யார் இந்த மேட்லி? சென்னை மாநகராட்சியில் பொறியாளராக இருந்த ஜே.டபிள்யூ. மேட்லி. 1914இல் இயங்கத் தொடங்கிய கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையத்துக்குத் திட்டம் போட்டவர். நல்ல தண்ணீர் கொண்டுவந்தவர் பெயரில் சாலையும் உண்டு. அதே தண்ணீர் கழிவாக ஓடும் சாக்கடையில் இறங்கி அடைப்பெடுத்தவர்கள் பெயரில் ஒரு சந்தைக்கூட நாம் பார்த்ததில்லை.

சாக்கடைக் குழிக்குப் பொறியியல் வைத்த பெயரே 'மேன்ஹோல்', ஆள் இறங்கும் குழி. எந்த ஆள் என்று வரைபடம் சொல்லவில்லை, சாதி சொன்னது. 1993இலும் 2013இலும் தடைச் சட்டங்கள் வந்தன. 2018இல் கேரளத்து இளம் பொறியாளர்களின் 'பாண்டிகூட்' இயந்திரம் வேலைக்கு வந்தது. 2023 ஒன்றிய பட்ஜெட் 'மேன்ஹோல்' இனி 'மெஷின்ஹோல்' ஆகும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. சாவு நின்றிருந்தால் அந்தத் தீர்ப்புக்கே வேலை இருந்திருக்காது.

தோழர்களே, இது இயந்திரம் இல்லாத குறை அல்ல. இயந்திரத்தைவிட நம் உடல் மலிவு என்கிற கணக்கு. பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் வகுப்பில் எழுந்து கேளுங்கள்: இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் யாரை இறக்குவீர்கள்?