காலடிப்பேட்டை முதல் தொழிற்பேட்டை வரை

ஆவடி விமானப்படை நிலையத்தை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டையில் ‘பேட்டை’ என்பது ஊர்ப்பெயரின் வால், அவ்வளவுதான். கிழக்கே அம்பத்தூருக்கு வந்தால் அதே சொல் ‘தொழிற்பேட்டை’ என்று பலகையில் மிடுக்காக நிற்கிறது. (பலகையில்தான் அப்படி, பஸ்ஸில் ‘எஸ்டேட்’ என்று கேட்டால்தான் டிக்கெட்.) சினிமாக்காரர்களைக் கேட்டால், ரவுடி இருக்கும் இடமே பேட்டை.

கோட்டைக்கு வெளியே வணிகரும் கைவினைஞரும் கூடி வாழ்ந்த சந்தைக் குடியிருப்புக்கு வழங்கிய பெயர் இது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் இதன் உறவுகள் உண்டு. கொழும்பில் ஆங்கிலேயர் ‘பெட்டா’ என்ற இடம், தமிழர் வாயில் புறக்கோட்டை. இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் பொருள் சொல்லாது.

சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினிக்குத் துணி வேண்டியிருந்தது. நெசவாளரைத் தேடி அலைவதைவிட அருகிலேயே குடிவைப்பது லாபம். கவர்னர் ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் அப்படி ஒரு பேட்டை எழுந்தது. காலெட் பேட்டை, பேச்சுவழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. கவர்னர் காலடிக்குப் போனதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் அமைத்ததோ சின்னத் தறிப் பேட்டை, அதாவது இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. அங்கே பெயரைத் தட்டிக்கொண்டது தறி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1820-களில் எழுந்த ஆலை நகரமும் ஒருவகைப் பேட்டைதான். முதலாளி பிரான்சிஸ் லோவெல் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். விடுதி கட்டி, கிராமத்துப் பெண்களை வேலைக்கு வைத்தார்கள். அந்தப் பெண்கள் 1834-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். 1845-இல் சாரா பேக்லி தலைமையில் சங்கம் வைத்துப் பத்து மணி நேர வேலை கேட்டார்கள். ஆளைக் குடிவைத்தவனுக்கு, அந்த ஆட்கள் கூடிப் பேசுவார்கள் என்பது தோன்றவில்லை.

இங்கே அந்தக் கூடிப்பேசுதல் பஜனைச் சபையிலிருந்து வந்தது. பெரம்பூரில் சமயச் சபை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும், பின்னி ஆலைத் தொழிலாளிகளுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை என்ற குறையை ஹோம்ரூல் இயக்கத்துக்காரரான பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது; திரு.வி.க. அதில் முன்னின்றார். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் சாதியாகப் பிளந்தார்கள், புளியந்தோப்பு எரிந்தது. சங்கம் என்ற பெயர் சேர்த்ததைச் சாதி பிரித்துவிட்டது. இதை மறைத்து எழுதும் தொழிற்சங்க வரலாறு அரைகுறை.

1886-இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காக எழுந்த போராட்டத்தின் நினைவாக வந்த மே தினத்தை, 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடினார். சுதந்திரத்துக்குப் பிறகு அரசே கிண்டியிலும் அம்பத்தூரிலும் பேட்டை அமைத்தது. இந்த முறை தறிக்குப் பதில் லேத்து.

சிந்தாதிரிப்பேட்டையில் நேப்பியர் என்ற கவர்னர் பெயரில் ஒரு பூங்கா இருந்தது. இன்று அதற்குப் பெயர் மே தினப் பூங்கா.