ஒளியால் உருமாறும் மூலக்கூறும் தோட்டத் தொழிலாளர் பார்வையும்

ஒளிபட்டதும் உருவும் பண்பும் மாறும் மூலக்கூறுகளுள் மனிதனுக்கு மிக நெருக்கமானது அவனது விழித்திரையிலேயே உள்ளது. ஹுனஸ் நீர்வீழ்ச்சிக்கு அண்மையிலுள்ள எல்கடுவ போன்ற மாத்தளைத் தோட்டப் பகுதிகளில் நின்று நோக்கின், அதன் வரலாறு வேதியியலோடு முடிவதில்லை. கூலியினதும் உணவினதும் வரலாறாகவும் அது விரிகின்றது.

1876இல் பிரான்ஸ் பொல், தவளை விழித்திரையின் செந்நிறம் ஒளியில் வெளிறுவதைக் கண்டார். 1933இல் ஜோர்ஜ் வால்ட் விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதைக் காட்டினார். 1958இல் ரூத் ஹபார்டும் அலன் குரொப்பும் ஒளியின் பணியைத் தெளிவாக்கினர். விற்றமின் ஏயிலிருந்து உண்டாகும் ரெட்டினல் என்னும் மூலக்கூறு வளைந்த வடிவில் ஒப்சின் புரதத்துடன் பிணைந்திருக்கும். ஒளி அதனை நிமிர்த்தும். அதனால் புரதமும் உருத்திரிய, நரம்புச் செய்தி பிறக்கும். நிமிர்ந்த மூலக்கூறு மீண்டும் வளைந்த வடிவம் பெற்றால்தான் அடுத்த ஒளிக்கு ஆயத்தமாகும். வால்ட் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விற்றமின் ஏயை உடல் தானாக ஆக்கிக்கொள்வதில்லை. கீரை, மஞ்சட் காய்கனி, பால், முட்டை, ஈரல் ஆகியவற்றிலிருந்தே அது கிடைத்தல் வேண்டும். அது குறையுமிடத்து முதலில் மங்குவது அந்திப் பார்வை. மாலைக்கண் என்னும் தமிழ்ப் பெயர் நோய் வெளிப்படும் பொழுதையே சுட்டுகின்றது. வால்டின் கண்டுபிடிப்பு நிகழ்ந்த அதே 1933இல், இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், தேரைத்தோல் போன்ற தோல் நோயொன்றை விற்றமின் குறைபாட்டின் விளைவென விளக்கினார் என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், வடபாதை வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் அவர்தம் உணவு, தோட்டம் வழங்கிய அரிசியையே பெரிதும் சார்ந்திருந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் கூலியோடு அரிசி வழங்கலையும் ஒழுங்குபடுத்தியது. ஆயினும் தீட்டிய அரிசியில் விற்றமின் ஏயும் இல்லை, அதனைத் தரும் கரோட்டினும் இல்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட இம்மக்கள், 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது பட்டினிச் சாவுகளையும் கண்டனர்.

ஒளியில் மூலக்கூறு உருமாறுவது இயற்கை விதி. அம்மூலக்கூறு ஒரு குழந்தையின் கண்ணில் போதிய அளவு இருக்குமா என்பதை நிர்ணயிப்பது சமூக அமைப்பு. ஆதலின் எல்கடுவ முதலிய தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், விளைச்சற் கணக்கோடு அரிசிக் கணக்கையும் மருந்தகக் குறிப்பையும் முதியோர் நினைவையும் சான்றாகக் கொள்ளல் வேண்டுமென்பது நம் துணிபு.